அக்காவின் ஏப்ரன் எதைத் தடுக்கும்? பாரம் குறைந்த கவச அங்கிகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போய் வருகிறார். வேலையில் அவர் முன்னால் மாட்டிக்கொள்ளும் கவச அங்கிக்கு ஏப்ரன் என்று பெயர். ஒருநாள் கடையடியில் நின்ற பெரியவர் ஒருவர், "பிள்ளைக்கென்ன பயம், குண்டு துளைக்காத சட்டையெல்லோ போடுறது" என்றார். அக்கா சிரித்துவிட்டு, "ஐயா, அது துவக்குச் சூட்டுக்கு இல்லை. சுட்டால் உள்ளுக்க போயிடும். அது வெடிச் சிதறலுக்கு" என்றார். பெரியவர் நம்பவில்லை. அக்கா தன்னடக்கமாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்திருப்பார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. படங்களில் நாயகன் மெல்லிய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு எதிரே வரும் அத்தனை ரவைகளையும் நெஞ்சில் வாங்குகிறான். முகநூலில் மாதம் ஒருமுறையாவது "உருக்கைவிடப் பலமான, இறகைவிடப் பாரம் குறைந்த பொருள் கண்டுபிடிப்பு, அரசு கோடிக்கணக்கில் நிதி" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. "குண்டு துளைக்காத" என்ற சொல்லே நம்மைப் பிழையான இடத்துக்குக் கொண்டுபோகிறது. எந்தக் குண்டு, எவ்வளவு வேகம், எத்தனை கிலோ என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை.

நமக்குத் தெரிந்த கவசம்: பங்கர்

நாற்பது வயது தாண்டிய யாழ்ப்பாணத்தாருக்குக் கவசம் பற்றி யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வளவுக்குள் கிடங்கு வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, அதன்மேல் மண்மூட்டை போட்டுப் பங்கர் கட்டியவர்கள் நாம். மண் ரவையை நிறுத்தும். மண்ணின் குருணிகள் ஒன்றையொன்று தள்ளி, உரசி, வந்த வேகத்தைத் தின்றுவிடும். செலவும் இல்லை.

ஆனால் பங்கரைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. ஒரு அடித் தடிப்புள்ள மண்சுவர் ஒரு சதுர மீற்றருக்கு அரைத் தொன் அளவில் வரும். இப்படி ஒரு சதுர மீற்றர் கவசம் எத்தனை கிலோ என்று சொல்லும் அளவுக்குப் பரப்படர்த்தி என்று பெயர். இந்தக் கட்டுரையில் ஒரு கலைச்சொல்லை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணை விட்டு உருக்குக்கு வருவோம். 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகட்டின் பரப்படர்த்தி 47 கிலோ. நெஞ்சை மறைக்க 25 சென்ரிமீற்றர் அகலமும் 30 சென்ரிமீற்றர் உயரமும் வேண்டும் என்று வைத்தால், அந்தத் தகடு மூன்றரைக் கிலோ. முதுகுக்கும் ஒன்று போட்டால் ஏழு. அதோடு உருக்கில் பட்ட ரவை சிதறித் தாடைக்கும் கைக்கும் பாயும், அது வேறு தலையிடி. ஆக, ரவையை நிறுத்துவது பழைய வித்தை. குறைந்த பரப்படர்த்தியில் நிறுத்துவதற்குத்தான் இத்தனை ஆராய்ச்சியும் இத்தனை காசும்.

ரவையிடம் என்னதான் இருக்கிறது?

ஓடும் பொருளிடம் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. ஒன்று உந்தம், அதாவது திணிவை வேகத்தால் பெருக்குவது. அது மோதும்போது நம்மைத் தள்ளும் பலம் என்று வைத்துக்கொள்ளலாம். மற்றது இயக்கச் சக்தி. அது பொருளைக் கிழிக்கவும் உடைக்கவும் ரவையிடம் இருக்கும் கைமுதல். வேகம் இரண்டு மடங்கானால் உந்தம் இரண்டு மடங்காகும், இயக்கச் சக்தியோ நான்கு மடங்காகும்.

இப்போது கணக்கு. 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கி ரவை சுமார் 8 கிராம், வேகம் செக்கனுக்கு 365 மீற்றர் அளவில். மணிக்கு 140 கிலோமீற்றரில் வரும் கிரிக்கெட் பந்தை எடுத்தால், அதன் உந்தம் இந்த ரவையின் உந்தத்தைப் போல இரண்டு மடங்கு! அதனால்தான் சுடப்பட்டவன் நான்கு அடி பின்னால் பறந்துபோய் விழுவது வெறும் படக் கதை. ரவையால் அப்படித் தள்ள முடிந்தால், 'வடக்கின் பெரும் போர்' என்ற பாடசாலைக் கிரிக்கெட் ஆட்டத்தில் துடுப்பெடுத்தாடும் பிள்ளைகள் எல்லாம் விக்கெட் காப்பாளருக்குப் பின்னால்தான் கிடக்க வேண்டும்.

சக்திக் கணக்கு வேறு. ஒன்றரைக் கிலோ பனம்பழம் ஒன்று 15 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் சுமார் 220 யூல் (சக்தியை அளக்கும் அலகு). அந்தக் கைத்துப்பாக்கி ரவையிடம் இருப்பது ஏறத்தாழ 530 யூல், அதாவது இரண்டரைப் பனம்பழம். ஏகே வகை றைபிளின் ரவையிடம் 2,000 யூல். ஒன்பது பனம்பழம். இந்த ஒன்பது பனம்பழத்தின் சக்தியும் சின்னி விரல் நகத்தைவிடச் சிறிய ஓரிடத்தில் இறங்குகிறது. அதுதான் துளை.

ஆக, ரவை தள்ளுவது கொஞ்சம், துளைப்பது அதிகம். கவசம் செய்ய வேண்டியது இரண்டு வேலை: அந்தச் சக்தியைப் பெரிய பரப்புக்குப் பரப்ப வேண்டும், உடலுக்கு வந்து சேர்வதற்கு முன் அதைச் செலவழிக்கவும் வேண்டும்.

நாரால் பிடிப்பது

பண்ணைப் பாலத்தில் பின்னேரம் தூண்டில் போடும் பெடியளிடம் அவர்கள் நூலைக் கேட்டுப் பாருங்கள். பழைய நைலோன் தங்கூசி வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். பலரிடம் இருப்பது பின்னிய நூல், தையல் நூல் அளவு மெல்லியது. கையில் சுற்றி இழுத்தால் நூல் அறாது, விரல்தான் அறும். நான் ஒரு முழம் வாங்கி வந்து வீட்டில் சோதித்துப் பார்த்தேன். தண்ணீர்க் கோப்பையில் போட்டேன், மிதந்தது. முடிச்சுப் போட்டேன், வழுக்கிக் கழன்றது. மெழுகுதிரிச் சுடருக்குக் கிட்டக் கொண்டுபோனேன், தொட முன்னமே சுருண்டு கடுகளவு உருண்டையாகிவிட்டது.

இந்த நூலும் இன்றைய பாரம் குறைந்த கவச அங்கிகளில் உள்ள நாரும் ஒரே பொருள். கடையில் மரக்கறி போட்டுத் தரும் 'சொப்பிங் பாக்' இருக்கிறதே, அந்தப் பொலித்தீன்தான்! வித்தியாசம் மூலக்கூறுகளின் நீளத்திலும் ஒழுங்கிலும் இருக்கிறது. பையில் அவை குட்டையாக, இடியப்பம் போலச் சிக்கிக் கிடக்கின்றன. கவச நாரில் அவை மிக நீளமானவை. சிக்கெடுத்து வாரிய கூந்தல் போல ஒரே திசையில் இழுத்து நிமிர்த்தப்பட்டவை. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்பன இந்த நாரின் வணிகப் பெயர்கள்.

இதற்கு முந்திய தலைமுறை கெவ்லார். 1965இல் டூபொண்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் என்ற வேதியியலாளர் அதைக் கண்டுபிடித்தார். அவர் கவசம் தேடவில்லை. வாகன ரயர்களுக்குப் பாரம் குறைந்த, பலமான நார் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்த கரைசல் மோர் போலக் கலங்கலாக, தண்ணியாக இருந்தது. நார் நூற்கும் கருவியின் துளைகள் அடைத்துவிடும் என்று பயந்து, அதை இயக்கியவர் முதலில் மறுத்தாராம். குவோலெக் விடாப்பிடியாக நின்றதால்தான் அது நூற்கப்பட்டது. அந்த மோரைச் சிங்கில் ஊற்றியிருந்தால் இந்தக் கட்டுரையும் இல்லை.

கெவ்லார் உருக்கைவிட ஐந்து மடங்கு பலமானது என்று எங்கும் எழுதுவார்கள். ஒரு சிறு சொல்லை விட்டுவிடுவார்கள்: எடைக்கு எடை. ஒரு கிலோ உருக்கையும் ஒரு கிலோ கெவ்லாரையும் ஒப்பிட்டால்தான் அந்த ஐந்து மடங்கு.

சரி, நார் எப்படி ரவையை நிறுத்துகிறது? கோல் கம்பத்து வலையில் பந்து விழுவதைப் பாருங்கள். பந்து பட்ட கண் மட்டும் அதைத் தாங்குவதில்லை. இழுவை வலை முழுவதும் ஓடிக் கம்பம் வரை போகிறது. கவச அங்கியிலும் அதே கதைதான், ஆனால் நேரம் மிகக் குறைவு. ரவை பட்டதும் "இழு" என்ற செய்தி நார் வழியே ஒரு அலையாக ஓட வேண்டும். செய்தி போய்ச் சேர்ந்த நீளம் மட்டும்தான் வேலைக்கு வரும். சேராத நாருக்கு ரவை வந்ததே தெரியாது.

நைலோனில் அந்த அலை செக்கனுக்கு ஏறத்தாழ 2 கிலோமீற்றர் ஓடும். நிமிர்த்திய பொலித்தீன் நாரில் ஏறத்தாழ 10 கிலோமீற்றர். கைத்துப்பாக்கி ரவை 2 சென்ரிமீற்றர் முன்னேறுவதற்குள், நைலோனில் பக்கத்துக்கு ஒரு சாண்கூட வேலைக்கு வராது. மற்றதில் அரை மீற்றருக்கு மேல் வந்துவிடும். ஒரு நார் எவ்வளவு விறைப்பாகவும் எவ்வளவு அடர்த்தி குறைந்ததாகவும் இருக்கிறதோ அவ்வளவு வேகமாக இந்த அலை ஓடும். பாரம் குறைவது சுமப்பவரின் வசதிக்காக மட்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாரைப் பொறுத்தவரை, பாரக்குறைவே அதன் பலத்தின் ஒரு பாதி.

இத்தகைய நாரை அடுக்கடுக்காக வைத்துச் செய்வது மென்கவசம். கைத்துப்பாக்கிக்கு எதிரான மென்கவசத்தின் பரப்படர்த்தி இன்று ஐந்து கிலோ அளவுக்கு வந்துவிட்டது. உருக்கின் 47ஐ நினைத்துப் பாருங்கள். ஆனால் ஒன்பது பனம்பழச் சக்தியோடு கூராக வரும் றைபிள் ரவைக்கு இது போதாது. கூரான கத்திக்கும் போதாமல் போகலாம். கத்தி நாரை இழுப்பதில்லை, அறுக்கிறது. அதற்கென்று வேறு அங்கிகள் உண்டு.

ஆணியும் கொங்கிறீற்றும்

கொங்கிறீற் சுவரில் சாதாரண ஆணி அடித்துப் பார்த்திருப்பீர்கள். இரண்டு அடியில் ஆணி வளையும், முனை மழுங்கும், சுவரிலும் காசளவு சில்லு ஒன்று பெயரும். றைபிள் ரவைக்கு எதிரான வன்கவசத்தின் இரகசியம் அவ்வளவுதான். முன்னால் ரவையைவிடக் கடினமான ஒரு தட்டு. அது ரவையின் கூர்முனையை நசுக்கி உடைக்கும். பின்னால் நார்ப் படை. அது உடைந்த துண்டுகளை வலை போலப் பிடிக்கும்.

முன்தட்டு செரமிக், அதாவது நம் தேநீர்க் கோப்பையின் தூரத்து உறவு, ஆனால் மிகக் கடினமான வகை. அலுமினா மலிவு, ஆனால் பாரம்: தண்ணீரைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு அடர்த்தி. சிலிக்கன் காபைட்டு மூன்று மடங்கைச் சற்றுத் தாண்டும். போரன் காபைட்டு இரண்டரை மடங்குதான். உருக்கு ஏறத்தாழ எட்டு மடங்கு என்பதால் போரன் காபைட்டுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று விளங்கும்.

அதற்கும் ஒரு வினை உண்டு. மிக வேகமான ரவை தரும் அமுக்கத்தில் போரன் காபைட்டின் ஒழுங்கான அணு அடுக்கு ஆங்காங்கே குலைந்து, கண்ணாடி போலாகி, எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் நொறுங்குகிறது. இதை 2003இல் ஆய்வாளர்கள் நுணுக்குக்காட்டியில் கண்டார்கள். இந்தக் குலைவை எப்படித் தடுப்பது என்பதில் அதன் பிறகும் நிறைய உழைப்புப் போயிருக்கிறது. இன்னொரு குறை எல்லாருக்கும் விளங்கும்: கோப்பை விழுந்தால் வெடிக்கும். ஒருமுறை அடிபட்ட இடத்தில் இரண்டாவது ரவையும் பட்டால் தட்டு அதே பாதுகாப்பைத் தராது.

சுருக்கமாக: மென்கவசம் வலை, வன்கவசம் சுவரும் வலையும். முதலாவது கைத்துப்பாக்கிக்கும் சிதறலுக்கும், இரண்டாவது றைபிளுக்கும்.

துளைக்காவிட்டாலும் அடி விழும்

அங்கிக்குப் பின்னால் களிமண் கட்டி ஒன்றை வைத்துச் சுடுவார்கள். ரவை துளைக்காவிட்டாலும் அங்கி உள்நோக்கிப் பிதுங்கிக் களிமண்ணில் ஒரு குழி விழும். அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவகம் வைத்திருக்கும் நியமப்படி அந்தக் குழி 44 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. தீப்பெட்டி நீளத்துக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு ஆழம் நெஞ்சு உள்ளே போனால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். விலா எலும்பு முறியலாம், நாள்கணக்கில் கன்றிக் கிடக்கலாம். உயிர் மிஞ்சும், அதற்குத்தான் அங்கி.

இன்னொரு அளவு விஐம்பது (V50). குறித்த ஒரு துண்டைப் பல வேகங்களில் சுட்டு, பாதி துளைத்து பாதி நின்றுவிடும் வேகத்தைக் கண்டுபிடிப்பார்கள். கண்ணிவெடி அகற்றுவோரின் அங்கிக்கான சர்வதேச நியமம், 1.1 கிராம் உலோகத் துண்டுக்கு அந்த வேகம் செக்கனுக்கு 450 மீற்றர் இருக்க வேண்டும் என்கிறது. சக்தியாகப் பார்த்தால் சுமார் 110 யூல், அரைப் பனம்பழம். றைபிள் ரவை அதைப் போலப் பதினெட்டு மடங்கு. அக்கா கடையடியில் சொன்னது தன்னடக்கம் இல்லை, சுத்தக் கணக்கு.

அரசு ஏன் காசு கொடுக்கிறது?

கவச அங்கி சோப் மாதிரி வீட்டுக்கு வீடு விற்கும் சாமான் இல்லை. வாங்குவது பெரும்பாலும் இராணுவமும் பொலிஸும். புதிய பொருள் ஒன்றைப் பத்துப் பதினைந்து வருடம் ஆய்ந்து, ஆயிரக்கணக்கில் சுட்டுச் சோதித்து, பிறகு அரசு வாங்காமல் விட்டால் நிறுவனம் முழுகிப்போகும். ஆகவே அந்த ஆபத்தின் ஒரு பங்கை அரசு ஏற்கிறது.

இதில் எனக்குப் பிடித்த கதை கெவ்லாரின் இரண்டாம் பாதி. ரயருக்காக வந்த அந்த நாரைப் பற்றி 1970களின் தொடக்கத்தில் லெஸ்டர் ஷூபின் என்ற அமெரிக்க அரச அறிவியலாளர் கேள்விப்பட்டார். துணியைச் சில மடிப்பு மடித்து வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். ரவை ஊடுருவவில்லை. பிறகு ஆடுகளுக்குப் போர்த்துச் சோதித்தார்கள். (ஆடுகளிடம் யாரும் கேட்கவில்லை.) 1975இல் 15 நகரங்களின் பொலிஸாருக்கு 5,000 அங்கிகள் கொடுத்துப் பார்த்தார்கள். கண்டுபிடித்தது தனியார் நிறுவனம்தான். அதை அங்கியாக நம்பிப் போட வைத்தது அரசின் சோதனைக் காசு. அதன்பின் 3,000க்கும் மேற்பட்ட பொலிஸாரின் உயிர் இவ்வகை அங்கிகளால் காப்பாற்றப்பட்டதாக அதே தேசிய நீதி நிறுவகம் சொல்கிறது.

அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் இவ்வளவு நேராகப் போகவில்லை. 2002இல் அமெரிக்க இராணுவம் எம்ஐரி (MIT) பல்கலைக்கழகத்தில் படைவீரருக்கான நனோதொழினுட்ப நிறுவகம் ஒன்றைத் தொடங்க ஐந்து வருடத்துக்கு 50 மில்லியன் டொலர் கொடுத்தது. டெலவெயர் பல்கலைக்கழகமும் இராணுவ ஆய்வுகூடமும் சேர்ந்து 'திரவக் கவசம்' செய்தன. சோளமாவைக் கெட்டியாகத் தண்ணீரில் கரைத்து மெல்ல விரலை விட்டால் விரல் போகும், ஓங்கிக் குத்தினால் இறுகி நிற்கும். அதே குணமுள்ள திரவத்தில் கெவ்லாரை நனைத்தார்கள். செய்தி உலகெல்லாம் போனது. இருபது வருடத்துக்கு மேலாகியும் அது வழமையான அங்கியின் இடத்தைப் பிடிக்கவில்லை. சிலந்திப் பட்டு நாரும் அப்படித்தான். ஆய்வுகூடத்தில் ஒரு சாண் நார் செய்வது ஒன்று, ஒரே தரத்தில் தொன்கணக்கில் செய்து விலைக்குக் கொடுப்பது இன்னொன்று. அதனால் காசு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். பத்தில் எது தேறும் என்று முன்பே தெரிந்தால் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் இல்லை. ஆனால் "கண்டுபிடிப்பு" என்ற செய்தியைப் பார்த்ததும் "அங்கி" என்று வாசிக்கக்கூடாது.

பாரம் உண்மையில் குறைந்தது சத்தமில்லாத வேலைகளால்: பொலித்தீன் படைகளை இன்னும் இறுக்கமாக அழுத்துவது, போரன் காபைட்டைச் சூளையில் குறையில்லாமல் சுட்டெடுப்பது. பக்கத்தில் இந்தியாவைப் பாருங்கள். கான்பூரிலுள்ள பாதுகாப்பு ஆய்வுகூடம் 2024 ஏப்ரலில், கவசம் துளைக்கும் றைபிள் ரவையைத் தாங்கும் வன்தட்டு ஒன்றை அறிவித்தது. மென்கவசத்தோடு சேர்த்துப் போடும்போது அதன் பரப்படர்த்தி 40 கிலோவுக்குள். அதே வருடம் செப்டெம்பரில் டெல்லி ஐஐரியுடன் (IIT) சேர்ந்து அபேத் என்ற அங்கி, பொலிமரும் உள்நாட்டுப் போரன் காபைட்டும் கொண்டது. பாதுகாப்பு நிலையைப் பொறுத்து ஒரு வகை 8.2 கிலோ, மற்றது 9.5. "பாரம் குறைந்தது" என்று பெருமையாகச் சொல்லும் அங்கியே எட்டுக் கிலோ என்பதைக் கவனியுங்கள். அரிசிக் கடைக்காரரிடம் எட்டுக் கிலோ வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பகல் நின்று பார்த்தால் மிச்சம் விளங்கும்.

வெயிலும் வியர்வையும்

ஆய்வுகூடத்தில் தேறியது வெளியில் தேறாமலும் போகலாம். சைலொன் என்ற நார் ஒருகாலம் கெவ்லாரை விழுங்கிவிடும் போல வந்தது. அவ்வளவு பலம், அவ்வளவு மெல்லிசு. ஆனால் ஈரமும் வெப்பமும் அதை உள்ளிருந்து சிதைத்தன. 2003இல் பென்சில்வேனியாவில் ஒரு பொலிஸ்காரரின் அங்கியை, அது தடுத்திருக்க வேண்டிய ரவை துளைத்தது. விசாரணைக்குப் பிறகு 2005இல் தேசிய நீதி நிறுவகம் அந்த நார் கொண்ட அங்கிகளுக்கான ஏற்பை விலக்கிக்கொண்டது. அதைக் கண்டுபிடித்த சோதனைக்கும் காசு கொடுத்தது அரசுதான். புதிய பொருள் தேடுவதற்குக் கிடைக்கும் பாராட்டு, பழையதைச் சந்தேகப்படும் இந்த வேலைக்குக் கிடைப்பதில்லை.

கெவ்லாருக்கும் வெயில் ஆகாது. நமக்கு இது புதிதில்லை. முகாம் காலத்துத் தறப்பாள் இரண்டு கோடையில் கையோடு பொடியாக வந்ததை மறந்திருக்க மாட்டோம். நாரின் மூலக்கூறுகளைப் புறஊதாக் கதிர் மெல்ல மெல்ல அறுக்கிறது. அதனால்தான் நார்ப் படைகளை வெளிச்சம் புகாத உறைக்குள் வைத்துத் தைக்கிறார்கள்.

இதை எழுதுவதற்கு முன் அக்காவிடம் போய்க் கேட்டேன். அவருடைய ஏப்ரன் நெஞ்சு, வயிறு, தொடை என முன்பக்கத்தை மட்டும் மூடுகிறது. முதுகில் பட்டிகள் மட்டும். வெடி எப்போதும் முன்னால், நிலத்தில் இருப்பதால் முதுகுக்கு நார் போடவில்லை. அந்தப் பாரம் அப்படியே மிச்சம். "வெயிலுக்க முழங்காலில இருந்து பார் தம்பி, அரைக்கிலோ எண்டாலும் தெரியும்" என்றார். பிறகு, "வியர்வையில ஊறிப்போனாலும் வெயிலில காயப்போட விடமாட்டினம். உறையைக் கழட்டித் தோய்ச்சுப்போட்டு, உள்ளுக்க இருக்கிறதை நிழலிலதான் வைக்கவேணும். ஏனெண்டு இப்பதான் விளங்குது" என்றார்.